எதிரே இன்னொரு தட்டு
ஓ. ஹென்றியின் இரு கதைகளும் நம் விழாக்கால ஈகையும்

பெருவிழா நாட்களில் இல்லாதவர்க்கு ஈவது நெடுநாளைய மரபு. கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது உணவுப் பொட்டலங்களும் போர்வைகளும் தெருவோரத்தில் துயில்வோரைத் தேடிச் செல்கின்றன. ஆண்டு முழுவதும் அவர்களைக் கடந்து போன கால்கள் அன்றைக்குச் சற்று நிற்கின்றன. இந்நற்பணியைப் போற்றியுரைத்த எழுத்துகள் ஏராளம். ஆனால், அவ்வேளையில் கொடுப்பவர் நெஞ்சிலும் பெறுபவர் நெஞ்சிலும் உண்மையில் என்ன நிகழ்கிறது என்று கேட்ட எழுத்துகள் மிகச் சிலவே. அமெரிக்கச் சிறுகதையாசிரியர் ஓ. ஹென்றியின் இரண்டு கதைகள் அச்சிலவற்றுள் இடம்பெறத் தக்கவை. நகைச்சுவைக் கதைகளாகவே படித்துச் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் அவற்றை, வீடற்றோர்க்குப் பணிபுரிய விரும்புவோர் ஒருமுறை நிதானமாகப் படித்தல் நலம்.

வில்லியம் சிட்னி போர்ட்டர் என்பது ஓ. ஹென்றியின் இயற்பெயர். 1862இல் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். வங்கிப் பணத்தைக் கையாடினார் என்ற தீர்ப்பின்பேரில் 1898 முதல் 1901 வரை ஒஹாயோ மாநிலச் சிறையில் இருந்தவர். 1902இல் நியூயார்க் நகருக்கு வந்து, அதன் தெருக்களையும் பூங்காக்களையும் மலிவு உணவகங்களையும் தம் கதைகளின் களமாக்கிக்கொண்டு, 1910இல் அந்நகரிலேயே மறைந்தார். கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்கிய மனைவியையும், கடிகாரத்தை விற்று மனைவியின் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கிய கணவனையும் படைத்தவர் அவரே. அக்கதையை அறிந்த அளவுக்கு, இங்கே நாம் காணவிருக்கும் முதற் கதையை நம்மவர் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

இரு கனவான்கள்

1907இல் வெளிவந்த தொகுப்பொன்றில் இடம்பெற்ற அக்கதையின் பெயரை 'நன்றியறிதல் நாளின் இரு கனவான்கள்' என்று தமிழில் சொல்லலாம். நன்றியறிதல் நாள், நவம்பர்த் திங்களின் பிற்பகுதியில் ஒரு வியாழக்கிழமையன்று அமெரிக்கர் கொண்டாடும் விழா. 1863இல் குடியரசுத் தலைவர் லிங்கன் அதனை நாடு முழுமைக்கும் உரியதாக அறிவித்தார். வான்கோழி விருந்து அதன் அடையாளம்.

இக்கதையைத் தமிழில் சொல்லப் புகும் எவர்க்கும் தொடக்கத்திலேயே ஓர் இடர்ப்பாடு உண்டு. கதையில் இருவர் வருகின்றனர். ஒருவர் பூங்கா இருக்கையில் காலங்கழிக்கும் வீடற்றவர். மற்றவர் கண்ணியமான கறுப்பு உடை அணிந்த முதியவர். நம் மொழி முன்னவரை 'அவன்' என்றும் பின்னவரை 'அவர்' என்றும் சொல்லத் தூண்டுகிறது. ஆங்கிலத்தில் எழுதிய ஓ. ஹென்றிக்கு இச்சிக்கல் இல்லை. ஆயினும் தலைப்பிலேயே அவர் விடை தந்துவிடுகிறார். இருவருமே கனவான்கள் என்கிறார். ஆகவே இக்கட்டுரையும் இருவரையும் 'அவர்' என்றே சுட்டும்.

ஸ்டஃபி பீட் என்பது வீடற்றவரின் பெயர். பட்டப்பெயர் என்பதே பொருந்தும். ஒன்பது ஆண்டுகளாக நன்றியறிதல் நாளின் பிற்பகல் ஒரு மணிக்கு, யூனியன் சதுக்கத்தில் நீரூற்றுக்கு எதிரே குறிப்பிட்டதோர் இருக்கையில் வந்து அமர்கிறார். முதியவர் வருகிறார். ஆண்டுதோறும் மாறாத அதே சொற்களில் வாழ்த்துரைக்கிறார்; உணவகத்துக்கு அழைத்துச் செல்கிறார்; வயிறார உண்பிக்கிறார். இவ்வாண்டு மட்டும் ஒரு தடங்கல். பூங்காவுக்கு வரும் வழியில், பழங்குடிப் பெருமை வாய்ந்த மூதாட்டியர் இருவரின் மாளிகையைக் கடக்க நேர்கிறது பீட்டுக்கு. அவர்களுக்கும் ஒரு மரபு உண்டு. நண்பகல் மணி அடித்தபின் அவ்வழியே வரும் முதல் பசித்தவரைப் பணியாள் உள்ளே அழைத்து, இனி உண்ண இயலாது என்னும் அளவுக்கு விருந்தளிக்க வேண்டும். ஆகவே பீட் தம் இருக்கைக்கு வந்தபோது, மூச்சுவிடவும் முடியாத நிலையில் இருந்தார்.

முதியவர் வழக்கம்போல் வந்து வழக்கமான சொற்களைச் சொல்கிறார். பீட் மறுத்திருக்கலாம். ஆனால், தமக்குப் பின் இவ்விருந்தைத் தொடர ஒரு மகன் இல்லையே என்ற ஏக்கத்தோடு நிற்கும் அந்த முதியவரின் முகத்தைக் கண்டு, தமக்கு மிகவும் பசிக்கிறது என்கிறார். உணவகத்தில் எல்லாவற்றையும் உண்டு முடிக்கிறார். முதியவர் சில்லறையாக 1 டாலர் 30 சென்ட் எண்ணி வைத்துவிட்டு விடைபெறுகிறார். தெருமுனை திரும்பியதும் பீட் சரிந்து விழுகிறார். மருத்துவ வண்டி அவரைத் தூக்கிச் செல்கிறது. ஒரு மணி நேரம் கழித்து அதே மருத்துவமனைக்கு முதியவரும் கொண்டுவரப்படுகிறார். அவர் மூன்று நாட்களாக எதுவும் உண்ணவில்லை என்பதை இளம் மருத்துவர் ஒருவர் சொல்லக் கதை முடிகிறது.

சிரிப்புக்குப் பின்

ஓ. ஹென்றியின் இறுதித் திருப்பங்களைத் திறனாய்வாளர் பலர் குறை கூறியுள்ளனர். வாசகனை வியப்பில் ஆழ்த்துவதற்காக உண்மையை ஒளித்து வைப்பது கலையன்று, கண்கட்டு வித்தை என்பது அவர்தம் வாதம். பல கதைகளுக்கு இக்குற்றச்சாட்டு பொருந்தும். இக்கதைக்குப் பொருந்தாது. இங்கே முதியவரின் பசி ஒளித்து வைக்கப்படவில்லை. சென்ற ஆண்டைவிட மெலிந்து வெளுத்த தலைமுடி, கைத்தடியை முன்னிலும் மிகுதியாக நாடும் நடை, சிதைந்துபோன பழைய மாளிகையொன்றில் வாடகை அறை, எண்ணி எண்ணி வைக்கும் சில்லறை ஆகிய அனைத்தும் நம் கண்முன்னே இருக்கின்றன. நாம்தான் பார்ப்பதில்லை. பசித்தவர் என்றால் பூங்கா இருக்கையில் இருப்பவர், உண்பிப்பவர் என்றால் வயிறு நிறைந்தவர் என்று முன்னரே வகுத்துக்கொண்டு படிக்கிறோம். மருத்துவரின் சொல் வெளிப்படுத்துவது முதியவரின் பசியை மட்டுமன்று. நம் பார்வையின் பழக்கத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. இரண்டாம் முறை படிக்கும்போது இக்கதை சிரிப்பூட்டுவதில்லை.

அந்த விருந்துக்குப் பணம் சேர்க்கவே முதியவர் பட்டினி கிடந்தாரா, வறுமையின் போக்கில் அவ்வாறு நேர்ந்ததா என்று ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லாதது நன்று. முன்னது என்றால் அவரைத் தியாகி என்று வணங்கிவிட்டுப் போய்விடுவோம். பின்னது என்றால் இரங்கிவிட்டுப் போய்விடுவோம். இரண்டும் சொல்லப்படாததால், உணவகத்தில் அவர் அமர்ந்திருந்த கோலத்திடமே நாம் திரும்ப வேண்டியிருக்கிறது. மேசை நிறைய உணவு. ஒருபுறம் உண்ண இயலாதவர் உண்கிறார். மறுபுறம் உண்ண வேண்டியவர் மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே இன்னொரு தட்டு வைக்கப்பட்டிருந்தால் இருவருமே மருத்துவமனைக்குப் போயிருக்க மாட்டார்கள். ஒன்பது ஆண்டு மரபில் அந்த இரண்டாம் தட்டுக்கு இடமில்லாமற் போயிற்று. கொடுப்பவர் உடன் உண்ணலாகாது, பெறுபவர் போதும் என்று சொல்லலாகாது என்பது எங்கும் எழுதப்படாத விதியாக நின்றுவிட்டது. இருவரும் ஒருவர்பால் ஒருவர் உண்மையான பரிவு கொண்டவர்கள்தாம். ஆயினும் 'இன்று உண்டீர்களா?' என்று ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை.

பீட்டின் செயலை இங்கே தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கமான ஈகைக் கதைகளில் பெறுபவருக்கு நன்றி சொல்வதைத் தவிர வேறு பணி இல்லை. இங்கே பெறுபவரே பெரிய கொடையாளர். தம் உடலை வருத்திக்கொண்டு மற்றவர் மனத்தின் ஓர் ஆசையை நிறைவேற்றுகிறார். வீடற்றோரிடையே பணிபுரியச் செல்வோர் அவர்களிடமிருந்து எதையும் பெறுவதற்கில்லை என்று கருதினால், இக்கதையின் நடுப்பகுதியை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்றே கொள்ள வேண்டும்.

கதையின் ஓரத்தில் வந்துபோகும் மூதாட்டியரையும் எண்ணிப் பார்க்கலாம். நண்பகலுக்குப் பின் வரும் 'முதல்' பசித்தவருக்கே அவர்கள் வீட்டில் விருந்து. இரண்டாவதாக வந்தவர் என்ன ஆனார்? ஒருவர் வயிற்றில் இரண்டு விருந்துகள் நிறைந்த அந்நாளில் எத்தனை பேர் வெறுவயிற்றோடு கிடந்தனர்? ஏழையின் பசி ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும்போலும் என்று கதையின் முற்பகுதியிலேயே ஆசிரியர் எள்ளி நகையாடுகிறார். விழா நாளில் ஈகை ஓரிடத்தில் குவிவதும், விழா முடிந்ததும் வற்றிப்போவதும் அன்றைய நியூயார்க்குக்கு மட்டும் உரியன அல்ல. ஏழைகளுக்கு உணவு வழங்கும் இல்லங்கள் பலவற்றின் பட்டறிவு இது. விழாவன்று பரிமாற வரும் தொண்டர்களுக்கு வேலை போதாது. குளிர் மிகும் ஜனவரி, பிப்ரவரியிலோ வேலைக்குத் தொண்டர்கள் போதார்.

கம்பி வேலிக்கு வெளியே

1906இல் வெளியான தொகுப்பில் உள்ள 'காவலரும் கீதமும்' என்னும் கதை இதனைவிடப் புகழ்பெற்றது. மேடிசன் சதுக்கத்தில் உறங்கும் சோப்பி என்பவர், குளிர்காலம் வரும் அறிகுறி கண்டு, மூன்று மாதச் சிறைவாசத்தை நாடுகிறார். பிளாக்வெல் தீவில் உள்ள சிறையில் உணவும் படுக்கையும் கிடைக்கும். அதற்காகக் கடைக் கண்ணாடியை உடைக்கிறார், உண்டுவிட்டுப் பணமில்லை என்கிறார், குடித்தவர்போல் கூச்சலிடுகிறார், குடையைத் திருடுகிறார். எதற்கும் கைது செய்வார் இல்லை. இறுதியில் பழைய ஆலயம் ஒன்றின் அருகே வருகிறார். உள்ளே ஞாயிறு வழிபாட்டுக்காக ஒருவர் இசைக்கருவியை மீட்டிப் பயில்கிறார். அவ்விசை சோப்பியின் இளமையை நினைவூட்டுகிறது. நாளையே வேலை தேடுவேன், மனிதனாவேன் என்று உறுதி பூணுகிறார். அந்நொடியில் காவலர் ஒருவரின் கை அவர் கைமீது விழுகிறது. காரணமின்றி நின்றதற்காக மூன்று மாதச் சிறை.

பலரும் இதனை விதியின் விளையாட்டு என்று கொள்வர். நம் பொருளுக்கு இன்றியமையாதது கதையின் தொடக்கத்தில் வரும் ஒரு கருத்து. அந்நகரில் அறநிலையங்கள் பல இருந்தன. சோப்பிக்கு அவை தெரியும். ஆயினும் சிறையையே அவர் விரும்புகிறார். அறநிலையத்தில் ஒவ்வொரு உதவிக்கும் மானத்தை விலையாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. படுக்கைக்கு விலை கட்டாயக் குளியல். அப்பத்துக்கு விலை சொந்த வாழ்வைக் குடைந்து கேட்கும் கேள்விகள். சிறையில் சட்டம் உண்டு; ஆனால் ஒருவரின் தனிவாழ்வில் அது அளவுக்கு மீறித் தலையிடாது. சிறைவாழ்வை உள்ளிருந்தே அறிந்த ஆசிரியர் இதை எழுதினார் என்பதை மறத்தலாகாது.

முதற் கதையின் முதியவர் எதையும் கேட்கவில்லை, பெயரைக்கூடக் கேட்கவில்லை. இரண்டாம் கதையின் அறநிலையங்கள் எல்லாவற்றையும் கேட்கின்றன. இருவகையிலும் ஒரு மனிதரை அறிதல் என்பது நிகழவில்லை. விசாரணை அறிமுகம் ஆகாது. அவ்வாறே மௌனமும் மரியாதை ஆகிவிடாது. இரு கதைகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் இந்நுட்பம் புலனாகிறது.

ஆலயக் காட்சியில் இன்னொன்றும் உண்டு. சோப்பியின் உள்ளத்தை மாற்றியது உள்ளிருந்து வந்த இசை. அவரோ வெளியே, இரும்புக் கம்பி வேலியைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். உள்ளே வருமாறு அவரை அழைப்பார் எவரும் இல்லை. முதலில் அவரைத் தொட்ட கை காவலருடையது. ஆலயத்தை ஆசிரியர் குறை கூறவில்லை. வேலியை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். ஆலயம் செல்லும் வழக்கமுள்ள நமக்கு அதுவே போதும்.

பார்த்துக்கொண்டிருத்தல்

ஓ. ஹென்றி மிகைப்படுத்துகிறார் என்று கருதுவோருக்கு அந்நகரின் வரலாறே விடை தரும். 1899ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று மேடிசன் சதுக்க அரங்கில் இரட்சணிய சேனையினர் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு விருந்தளித்தனர். மேலே மாடங்களில், நுழைவுச் சீட்டு வாங்கிய செல்வர்கள் அமர்ந்து, ஏழைகள் உண்பதைக் கண்டுகளித்தனர். விருந்தளித்தோரின் நன்னோக்கை நாம் ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் கீழே மேசை, மேலே மாடம் என்னும் அமைப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறது. நம் முதியவர் அம்மாடத்து மனிதர் அல்லர். அவர் மேசைக்கு அருகே வந்து எதிரில் அமர்ந்தவர். எனினும் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஓ. ஹென்றியின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. நோயை அவர் கூர்மையாகக் காண்கிறார். இருவரையும் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அகன்றுவிடுகிறார். பீட் அன்றிரவு எங்கே உறங்கியிருப்பார் என்று கேட்பதில்லை. சோப்பி மூன்று மாதம் கழித்து வெளியே வரும்போது வேலை கிடைக்குமா என்றும் கேட்பதில்லை. கதைமாந்தர்மீது அவருக்குப் பரிவு உண்டு. அப்பரிவு திருப்பத்தோடு முடிந்துவிடுகிறது. இதனைக் குறை என்றே சொல்ல வேண்டும். சிறுகதையின் குறுகிய வடிவம் அதற்கு ஒருபகுதிக் காரணமாகலாம்.

அதே சதுக்கத்தில்

கதை விட்ட இடத்திலிருந்து வாழ்க்கை தொடர்ந்தது. 1933 மே முதல் நாள், பீட் அமர்ந்திருந்ததாக ஓ. ஹென்றி எழுதிய அதே யூனியன் சதுக்கத்தில், டாரதி டே என்னும் பெண்மணியும் தோழர் சிலரும் ஒரு சென்ட் விலையில் ஒரு செய்தித்தாளை விற்றனர். 'கத்தோலிக்கத் தொழிலாளர்' என்பது அதன் பெயர். பீட்டர் மாரின் என்பவரோடு இணைந்து டாரதி தொடங்கிய அவ்வியக்கம் விரைவில் விருந்தோம்பல் இல்லங்களாக வளர்ந்தது. அங்கே பணிபுரிவோர் பரிமாறிவிட்டுத் தம் வீட்டுக்குப் போவதில்லை. வீடற்றோரோடு அதே கூரையின்கீழ் வாழ்ந்து, அதே அடுப்பில் வெந்ததை உண்டனர். 1980 நவம்பர் 29 அன்று, நன்றியறிதல் நாள் கழிந்த இரண்டாம் நாள், வீடற்ற பெண்களுக்கான அத்தகைய இல்லம் ஒன்றிலேயே டாரதி இறந்தார். ஓ. ஹென்றியின் கதையில் இல்லாத இரண்டாம் தட்டை அவர் நாள்தோறும் வைத்தார் எனலாம்.

ரோமை நகரில் 1968இல் மாணவர்களிடையே தோன்றிய சாந்த் எஜிதியோ குழுமம், 1982ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று திராஸ்தேவெரே பகுதியின் அன்னை மரியா பேராலயத்துக்குள்ளேயே மேசை இட்டு, வறியோர் சுமார் இருபது பேரை விருந்துக்கு அழைத்தது. வேலிக்கு வெளியே நின்ற சோப்பி உள்ளே வந்து அமர்ந்ததுபோன்ற காட்சி அது. ஆனால் அடுத்துத் திங்களில் நிகழ்ந்ததே நாம் கருத்தூன்ற வேண்டியது. 1983 ஜனவரி 31 அன்று, தெர்மினி இரயில் நிலையப் பகுதியில் தெருவில் வாழ்ந்த மொதெஸ்தா வாலெந்தி என்னும் மூதாட்டி நோயுற்று விழுந்தார். உடல் அழுக்காக இருந்தது என்று சொல்லி மருத்துவ வண்டி அவரை ஏற்ற மறுத்தது. அவர் அங்கேயே இறந்தார். ஓ. ஹென்றியின் கதையில் இருவருக்கும் வண்டி வந்தது. கற்பனை உண்மையைவிட இரக்கமுடையதாக இருந்திருக்கிறது.

சாந்த் எஜிதியோ குழுமத்தினர் மொதெஸ்தாவை மறக்கவில்லை. ஆண்டுதோறும் அவர் நினைவாக நடைபெறும் திருப்பலியில், தெருவில் இறந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்கின்றனர். நிலையான முகவரி இல்லாதோர் குடிமக்கள் பதிவேட்டில் இடம்பெறுவதற்காக ரோமை நகராட்சி பின்னாளில் ஏற்படுத்திய கற்பனைத் தெருவுக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. பெயரின்றி இறந்துபோயிருக்கக்கூடிய ஒருவர், வீடற்றோர் பலரின் முகவரியானார்.

நமக்கு

விருந்தளிக்கும்போது செல்வரான அயலாரை விட்டு, வறியோரையும் பார்வையற்றோரையும் கால் ஊனமுற்றோரையும் அழைக்குமாறு ஆண்டவர் கூறியதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அங்கே சொல்லப்படுவது உணவை அனுப்புதல் அன்று, அழைத்தல். நம் பங்குகளில் பணியாற்றும் புனித வின்சென்ட் தே பவுல் சபையை 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் தோழர்களும் தொடங்கியபோது, வறியோரை அவர்கள் இருப்பிடத்துக்கே சென்று சந்திப்பதையே முதற்பணியாகக் கொண்டனர். இருப்பிடமே இல்லாதவரைச் சந்திப்பது எவ்வாறு என்பதே தெருவோரம் நம்மிடம் கேட்கும் கேள்வி.

விழாக்காலத் தொண்டு வீண் என்று சொல்ல இக்கதைகள் இடம் தருவதில்லை. ஒன்பது ஆண்டுகள் தவறாமல் வந்த முதியவரை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. அவர் கொடுத்தது தம் மிச்சத்திலிருந்து அன்று. அவருக்குத் தெரியாமற் போனவை மூன்று: எதிரே இருப்பவரின் பெயர், அவரது அன்றைய பசி, அம்மேசையில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்பது. இவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில் உணவுப் பொட்டலங்களோடு புறப்படும் குழுக்கள் இம்மூன்றையும் எண்ணிப் பார்க்கலாம். ஐம்பது பொட்டலங்களை அரைமணி நேரத்தில் வழங்கி முடிப்பதைவிட, பத்துப் பேரோடு நடைபாதையில் அமர்ந்து அதே பொட்டலத்தைப் பிரித்து உண்பது கடினம். பெயர் கேட்டால் நம் பெயரையும் சொல்ல வேண்டிவரும். மறுமுறை அவ்வழியே போகும்போது அப்பெயரைச் சொல்லி அழைக்க வேண்டிவரும். 'அவன்' என்று சொல்லிப் பழகிய நாவுக்கு 'அவர்' என்பதும் பழக வேண்டும். அந்த மறுமுறை ஜனவரித் திங்கள் முடிவதற்குள் வருமாறு பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.